கூத்தைச் சுருக்கச் சொல்லாதீர்கள், பஸ்ஸுக்குக் காசு கொடுங்கள்

"கலை மன்றங்களை மாற்றத்துக்குத் தயார்ப்படுத்தல்" என்று ஒரு பயிற்சிப் பட்டறை அழைப்பிதழ் இந்த வாரம் வட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. நுவரெலியாவில் ஹோட்டல் மண்டபம், காலையில் பதிவு, தேநீர், பவர்பொயின்ட், மதியச் சாப்பாடு, பின்னேரம் சான்றிதழ். யார் நடத்துகிறார்கள் என்பதை விடுங்கள், வருசத்துக்கு வருசம் பெனரில் இருக்கிற பெயர் மட்டும்தான் மாறுகிறது. இந்தமாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு மனதில் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. பதிவு நீளமாகத்தான் இருக்கும், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

உதவ வருகிறவர்கள் முதலில் கை வைப்பது எங்கள் மலையகத் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தில்தான், சிவன் மன்மதனை எரிக்கிற கதை அது. காமன் கூத்து விடிய விடிய நடக்கிறதா, இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், இருபது நிமிசமாக ஆக்குங்கள். பாட்டு இழுக்கிறது, வேகமாக்குங்கள். எல்ல ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்கள், அவர்களுக்கு ஏற்றமாதிரி ஒன்று செய்யுங்கள். இப்படியே போகும். ஆனால் கூத்து ஆடுகிறவனுடைய வேலை மாறிவிட்டது, வீடு மாறிவிட்டது, லீவு கிடைக்கிற விதம் மாறிவிட்டது, தப்பு மேளம் அடிக்க அவன் மகனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. உதவி தேவைப்படுவது இந்த இடங்களில்தான் என்பது என் கட்சி. கூத்துக்குள்ளே எதை வெட்டுவது, எதைச் சேர்ப்பது என்பதை கூத்துப் பழக்குகிற மாஸ்டரும் குழுவும் பார்த்துக்கொள்வார்கள்.

மாற்றம் என்பது இந்த மலைக்கு ஏதோ நேற்று வந்த விருந்தாளி மாதிரி பேசுகிறார்களே, அதுதான் எரிச்சல். 1948இல் இந்திய வம்சாவளி என்று எங்கள் சனத்தின் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் எத்தனை தோட்டத்துச் சிவனும் ரதியும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் கம்பனிகளுக்குத் திரும்பின. ஆள் குறைந்த ஒவ்வொரு தடவையும் மிஞ்சியவர்கள் பாத்திரங்களைச் சேர்த்துக் கட்டி ஆடினார்கள், நந்தி கட்டியவரே எமனும் கட்டினார். பெற்றோமாக்ஸ் போய் மின்சாரம் வந்தது, மைக் செட் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்தப் பட்டறையும் இல்லாமல்தான் இவ்வளவும் நடந்தது.

காமன் கூத்து பார்த்திராத வெளியூர் நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ஆடுகிறவர்களில் பலர் நேர்த்தி வைத்து, காப்புக் கட்டி, விரதமிருந்து வேசம் கட்டுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம், சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் போவது, ரதி போகவேண்டாம் என்று தடுப்பது, பௌர்ணமியை ஒட்டிய இரவில் நெற்றிக்கண் திறந்து தகனம், அப்புறம் மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல். இது மேடையில் நடந்து முடிகிற காரியம் இல்லை. லயன் லயனாக, தொழிலாளர் வரிசை வீடுகள் வழியே, கூட்டம் சேர்ந்து போகும், வாசலில் விளக்கு வைத்துக் காத்திருப்பார்கள், ரதி அழும்போது ஆச்சிமாரும் சேர்ந்து அழுவார்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். விடிய விடிய ஆடினவன் காலையில் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு, போகாவிட்டால் அன்றைய பேர் போச்சு, அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சு. நாள் சம்பளத்துக்கு இத்தனை வருசம் சண்டை பிடித்து, 2021இல் ஆயிரம் ரூபாய் வாங்கிய சனம். ஒரு பேர் போவது சின்ன விசயம் இல்லை. முந்தி ஆடினவனும் பார்த்தவனும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தார்கள், தோட்ட மனேஜரான துரையிடம் தலைவர் போய்ப் பேசி ஒரு நாளைச் சமாளித்துவிடுவார். இன்றைக்கு மன்மதன் கொழும்பில் கடையில் நிற்கிறான், வீரபத்திரன் கட்டட வேலையில் இருக்கிறான், உடுக்கு அடிக்கிற பையன் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். இவர்களுக்கு லீவு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மாசியில் லீவு கேட்டால் முதலாளி எதற்கு என்று கேட்பான், காமனுக்கு என்று சொன்னால் கொழும்பில் யாருக்கு விளங்கும்?

இதற்குத் தீர்வாக ஒரு கூட்டத்தில், கூத்தை ஏப்ரல் சித்திரை லீவுக்கு மாற்றிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் பிறை பார்த்து ஊன்றுகிற கம்பத்தை பஸ் நேரத்துக்கு மாற்றமுடியாது. அதைவிடச் சுலபமான வழி ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. தகனம் வருவது பௌர்ணமியை ஒட்டி. இலங்கையில் பௌர்ணமி என்றால் போயா, அரசாங்க லீவு, பெரும்பாலும் அது மார்ச்சில் வருகிற மெதின் போயாவாக இருக்கும். அந்த நாளோடு சேர்த்து முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் லீவு கிடைத்தால் பையன்கள் வந்து ஆடிவிட்டுத் திரும்பலாம். அதற்குத் தேவை முதலாளிக்கு ஒரு கடிதம், மன்றத்தின் முத்திரையோடு, முடிந்தால் சிங்களத்திலும். போகவர பஸ் காசு. போகிற அந்த ஒரு நாள் சம்பளத்தில் பாதியையாவது மன்றம் கொடுக்கிற மாதிரி ஒரு சிறு நிதி. ஹோட்டல் மண்டபத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போகிற காசில் ஒரு தோட்டத்துக் குழு முழுவதையும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். (போயாவுக்கு பார் மூடியிருப்பது கமிட்டிக்காரர்களுக்குக் கிடைக்கிற போனஸ், அதைப்பற்றி விரிவாக எழுதினால் எனக்குத்தான் பிரச்சினை.)

வீட்டு விசயம் இன்னொன்று. தனி வீடு வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை, லயன் ஒழியத்தான் வேண்டும். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட் வந்து இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் ஏழு பேர்ச் ஏழு பேர்ச்சாகக் காணி பிரித்து வீடு கட்டுகிற திட்டத்தில் ஒரு பொட்டல் விட்டுவையுங்கள் என்று எந்தக் கலை மன்றமாவது எழுதிக் கேட்டதுண்டா? கேட்கவேண்டும் என்று மன்றங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாராவது உண்டா? கோயிலுக்கு இடம் விடுகிறார்கள். காமனுக்கு விடவில்லை, ஏனென்றால் வரைபடத்தில் அது வெறும் புல் தரை. வரைபடம் தயாராகும்போதே போய் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு ஆளை மன்றத்துக்கு உருவாக்கிக் கொடுங்கள், அதை நான் பயிற்சி என்று ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது தப்பு. மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள், தோலைச் சும்மா விடுமா? பத்து மணிக்கெல்லாம் தப்பு தொய்ந்துவிடும், சத்தம் பொத்துப் பொத்து என்று விழும். பொட்டல் ஓரத்தில் காய்ந்த மிலாறை, தேயிலைக் குச்சியைப், போட்டுத் தீ மூட்டியிருப்பார்கள். பெரியவர் ஒருவர் தப்பின் முகத்தைத் தீக்குக் காட்டி, சட்டத்தைக் கையில் மெதுவாக உருட்டிக்கொண்டே போவார், ஒரே இடத்தில் நின்றால் தோல் கருகிவிடும். இடையிடையே எடுத்து விரலால் ஒரு சுண்டு, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார், பத்தாது, மறுபடி தீ. சரியாக ஏறியதும் யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டார், நேரே அடி விழும், அந்த அடியிலேயே ஆடுகிறவன் நிமிர்ந்துவிடுவான். எவ்வளவு சூடு, எப்போது எடுப்பது என்பது அவருடைய விரலில் இருக்கிறது. கூட நின்று பார்க்கிற பையன் இல்லாவிட்டால் அது அவரோடு போய்விடும்.

ஒரு நிறுவனம் பிளாஸ்டிக் தோல் போட்ட தப்புகளை வாங்கிக் கொடுத்தது. பனிக்கும் மழைக்கும் பயமில்லை, தீ வேண்டாம். கொடுத்ததைக் குறை சொல்லமாட்டேன், சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்க அது நல்லதுதான். காமன் இரவில் மட்டும் அதை யாரும் தொடுவதில்லை.

ஆனால் தப்பு அடிக்கப் பையன்கள் வராததற்குக் காரணம் தோல் தொய்வது இல்லையே. எல்லாருக்கும் தெரிந்த, கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத காரணம் சாதி. ஒரு காலத்தில் பிரட்டுக்கு எழுப்பவும் தப்பு, சாவுக்கும் தப்பு, சாமிக்கும் தப்பு. அடித்தவர்கள் மட்டும் குறிப்பிட்ட ஆட்கள். சாவு வீட்டில் இன்றைக்கும் அவர்களுக்குச் சாப்பாடு தனியாக, எட்டத்தில். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஓஎல் பரீட்சை பாஸ் பண்ணினதும் முதல் வேலையாக அப்பாவின் தப்பைப் பரணில் ஏற்றி வைக்கிறான் என்றால் நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். இன்னொரு பக்கம், பறை எங்கள் அடையாளம் என்று பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மேடையில் பெருமையோடு அடிக்கிறார்கள். நல்ல காரியம், சந்தோசம். ஆனால் கவனித்துப் பாருங்கள், மேடைக்குக் கூப்பிடப்படுகிறவர்கள் அவர்கள், சாவுக்குக் கூப்பிடப்படுகிறவர் அதே பழைய ஆள். மேடையில் அடிக்கிறவருக்குப் பொன்னாடை, இவருக்குக் கைக்காசும் ஒரு போத்தலும். மன்றங்கள் மாறவேண்டும் என்றால் இந்த இடத்தில் மாறட்டும். தப்புக்கார ஐயாவை மன்றத்தின் கமிட்டியில் போடுங்கள், பொருளாளர் ஆக்குங்கள், ஊதியத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிவையுங்கள், ஒரே பந்தியில் சாப்பிடுங்கள். அப்புறம் பாருங்கள் மகன் பரணில் ஏறித் தேடுகிறானா இல்லையா என்று. இதைப் பேசாத பட்டறையில் எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை.

சுருக்குவதற்கே நான் எதிரியா என்று கேட்பீர்கள். இல்லை. இதே மலையகத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில், 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சில மணி நேர மேடைக் கூத்தாக ஆக்கினார். அது எடுபட்டதற்குக் காரணம், கூத்து ஆசான்மாரான அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாணவர்களை அவர்களிடம் ஆடப் பழகவைத்து, ஆட்டமும் தாளமும் தெரிந்தபிறகு கத்தரியை எடுத்தார்கள். மௌனகுரு போன்ற நாடகக்காரர்கள் அங்கே மாணவர்களாக ஆடி வளர்ந்தவர்கள். ஊர்க் கூத்தும் ஊரில் விடிய விடிய நடந்துகொண்டுதான் இருந்தது, மேடைக் கூத்து அதன் இடத்தைப் பிடுங்கவில்லை. இங்கே என்ன நடக்கிறது? அரசாங்க விழாவுக்கு ஆறு நிமிசம் கேட்கிறார்கள், அமைச்சர் வர லேட்டானால் நாலு நிமிசம். அந்த நாலு நிமிசத்துக்குப் பழகிய பிள்ளைகள் அதுதான் காமன் கூத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேடைக்கு ஒரு வடிவம் இருக்கட்டும். அதை மாஸ்டர் செய்யட்டும், அவருக்குக் காசு கொடுத்து, நேரம் கொடுத்து. பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் பாடம் இருக்கிறதே, கொழும்பிலிருந்து வளவாளரைக் கூட்டிவருகிற அதே பாடசாலை, கேட்டுக்குக் கீழே லயனில் இருக்கிற மாஸ்டரை ஒரு பாடவேளைக்காவது கூப்பிடலாம்.

பெண் பிள்ளை ரதி கட்டலாமா என்ற சண்டை சில தோட்டங்களில் நடக்கிறது. ஆம்பிளை ரதி கட்டுவதுதான் வழக்கம், விரதம் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டட்டும் என்பதுதான் என் அபிப்பிராயம், ரதியின் ஒப்பாரியைப் பெண் பிள்ளை பாடினால் எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு ஆசை. ஆனால் அது குழு முடிவெடுக்கவேண்டிய விசயம். பாலினச் சமத்துவம் என்று புரொஜெக்ட் அறிக்கையில் ஒரு கட்டத்தை நிரப்ப, வெளியிலிருந்து வந்து நிபந்தனை போட்டால், விரும்புகிற பிள்ளையும் பின்வாங்கிவிடும்.

தாள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதேச செயலகத்தில் பதிவு, வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பு, வரவு செலவு, இதெல்லாம் இல்லாமல் இன்றைக்கு ஒரு சதம் வராது. அரசாங்கத்தின் கலாபூஷணம் விருதுக்கு விண்ணப்பிக்கச் சான்று கேட்டால், ஐம்பது வருசம் ஆடிய மனிதரிடம் ஒரு போட்டோ கூட இருக்காது. தோட்டங்களுக்குப் பிரதேச சபைக் காசு செலவழிக்கத் தடையாக இருந்த சட்டத்தை 2018இல் திருத்திவிட்டார்கள், ஆனால் எத்தனை மன்றங்கள் சபைக்குப் போய்ப் பொட்டலுக்கு ஒரு லைட் கேட்டிருக்கின்றன? மரணாதாரச் சங்கத்தை இவ்வளவு ஒழுங்காக நடத்துகிற சனம் மன்றக் கணக்கையும் எழுதும். பழக்கிவிட ஒரு ஆள், மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துக்கே வந்து உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கொப்பிகள். மாஸ்டர்மாரின் பாட்டெல்லாம் பழைய சீஆர் கொப்பியில் இருக்கிறது, பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப்படத்துக்குப் பின்னாலோ டிரங்குப் பெட்டியிலோ. ஈரம் ஏறி மை பரவிய பக்கங்கள். மழைக்கு லயன் கூரை ஒழுகுகிற ஊர் இது, மண்சரிவு வருகிற ஊர். 2014இல் மீரியபெத்தையில் ஒரு காலையில் லயன்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம். கொப்பியைக் கொடு என்று கேட்டால் மாஸ்டர் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் கூடாது. அவர் முன்னாலேயே, அவர் பக்கத்தைத் திருப்பத் திருப்பப் போனில் படம் பிடித்து, ஒரு பிரதியை அவர் பேத்தியின் போனிலேயே போட்டுவிட்டு, பேஸ்புக்கில் போடலாமா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடவேண்டும்.

இதை அடுத்த மாசி வருவதற்குள் செய்யலாம் என்று நாங்கள் கொஞ்சப் பேர் யோசித்திருக்கிறோம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் இருக்கிறவர்கள், நல்ல கெமரா உள்ள போனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கைவசம் இருந்தால் இன்பொக்ஸில் வாருங்கள். கொழும்பில் கடை வைத்திருக்கிற நம்மவர்கள் இதை வாசித்தால், மார்ச் போயாவுக்கு உங்கள் கடைப் பையன் லீவு கேட்பான், காரணம் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.