அது டான்ஸ் இல்லை

நேற்று எல்லோர் டைம்லைனிலும், பின்னணியில் பாட்டுப் போட்டு "டான்ஸ் ஆடுது" என்று ஓடிய அந்தப் பட்ஜி (கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி) குஞ்சு வீடியோவைப் பற்றித்தான். இனி அதைப் பேசவே கூடாது என்று நினைத்துத்தான் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் போட்ட கமெண்டுக்குக் கீழே ஒருவர், "வந்துட்டாங்கய்யா குருவி டாக்டர்". அதற்கு நூற்றுச் சொச்சம் சிரிப்பு. சரி, எழுதியே விடுகிறேன்.

அந்தக் குஞ்சு டான்ஸ் ஆடவில்லை. அதால் நிற்க முடியவில்லை.

சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். பாட்டு இருப்பதால்தான் அது டான்ஸ் மாதிரி தெரிகிறது. கால்கள் ஆளுக்கொரு பக்கம் விரிந்து கிடக்கின்றன. நெஞ்சு தரையோடு ஒட்டியிருக்கிறது. முன்னால் நகர, சரியாக முளைக்காத இறக்கையை ஊன்றித் துடுப்புப் போடுவது போலத் தள்ளுகிறது. நடுவில் ஒரு இடத்தில் வலது காலை உள்ளே இழுக்கப் பார்க்கிறது, வழுக்கிவிடுகிறது. அந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இதற்கு ஸ்ப்ளே லெக் என்று பெயர். பெரும்பாலும் கூடு வைக்கும் பெட்டியின் தரை வழவழவென்று இருப்பதால் வரும். பிடிமானம் இல்லாமல் கால் வழுக்கிக்கொண்டே இருந்தால், இன்னும் இறுகாத எலும்பு அப்படியே விரிந்து வளர்ந்துவிடும். தாய்ப் பறவைக்குக் கால்சியம் போதாமல் இருந்தாலோ, அது குஞ்சின் மேல் அழுத்தி உட்கார்ந்தாலோ கூட வரலாம். பெட்டியில் கொஞ்சம் மரச்சீவல் போட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை.

உடனே ஒரு அண்ணன் கேட்டார், காட்டில் யார் மரச்சீவல் போடுகிறார்கள் என்று. நல்ல கேள்விதான் அண்ணே. ஆஸ்திரேலியாவில் பட்ஜி மரப்பொந்தில் முட்டையிடுகிறது. பொந்துக்குள் உளுத்து உதிர்ந்த மரத்தூள் தானாகவே கிடக்கும். அங்கே யாரும் பிளைவுட்டை மட்டம் பார்த்து ஆணி அடித்து வைப்பதில்லை. நாம்தான் வைக்கிறோம். அப்போது நாம்தானே பார்க்கவும் வேண்டும்?

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அதனால்தான் டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதினேன். நான் எழுதியது அந்த ஒரு வரி மட்டும்தான், போய்ப் பார்க்கலாம். பறவை பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை என்று ஒருவர் சொன்னார். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோவுக்குப் பாட்டுத் தேட நேரம் இருந்ததல்லவா, அதில் பாதியை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

என் வீட்டிலும் ஒரு குஞ்சுக்கு இதே மாதிரி ஆனது. பத்தாவது நாளில் கவனித்தோம். மருத்துவர் இரண்டு கால்களையும் நேராகக் கொண்டுவந்து, நடுவில் மெல்லிய டேப்பால் ஒரு சின்ன விலங்கு மாதிரி போட்டார். விரல் வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று நாங்கள் தினமும் பார்க்க வேண்டும். கட்டு இறுகினால் காலே போய்விடும் என்று பயமுறுத்தியே அனுப்பினார். குஞ்சு வளர வளர இரண்டு தடவை கட்டை மாற்றினார். அப்புறம் ஒருநாள் அது குச்சியைப் பிடித்து உட்கார்ந்தது. முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், கொக்கி மாதிரி.

ஆனால் எலும்பு இறுகிய பிறகு இதெல்லாம் பெரும்பாலும் நடக்காது. அதனால்தான் அவசரப்பட்டேன். அவசரப்பட்டது தப்பாம்.

பட்ஜி வாங்கும் எல்லோரும் கேட்பது என்ன கலர், ஆணா பெண்ணா, பேசுமா. காலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கூண்டில் ஒரே கனத்தில் வழவழப்பான உருளைக் குச்சிகள் இரண்டு. பறவை நாள் முழுக்க நிற்பது காலில்தான். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து உள்ளங்கால் முதலில் சிவக்கும், மினுமினுக்கும், பிறகு புண்ணாகும். இதில் வெறும் தானியம் மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து தோலும் பலவீனமாகிவிடும். நகம் தேயட்டும் என்று குச்சிக்கு மணல்காகித உறை மாட்டுகிறவர்களும் உண்டு. அதன் மேல் செருப்பில்லாமல் ஒரு மணி நேரம் நீங்கள் நின்று பாருங்களேன்.

கோபத்தில் எங்கேயோ போகிறேன், தெரிகிறது.

"சின்னக் குருவிக்கு இவ்வளவு சீனா?" என்ற கமெண்டுதான் உண்மையில் வலித்தது. எழுதியது நெருங்கிய சொந்தம், பெயர் வேண்டாம். ஆமாம், சின்னதுதான். மொத்தமே முப்பது நாற்பது கிராம். அதன் வலியை எந்தத் தராசில் வைத்துப் பார்த்தீர்கள்?

பெரிய மனுஷத்தனமாகப் பேசுகிறேன் என்று தோன்றினால், இதையும் கேளுங்கள். என் முதல் பட்ஜி மூன்று மாதக் குஞ்சாக இருந்தபோது இடது காலைத் தூக்கியே வைத்திருந்தது. தூங்கும்போது ஒரு காலை உள்ளே இழுத்துக்கொள்வது பட்ஜிக்கு இயல்புதான். ஆனால் இது தின்னும்போதும் தூக்கியே இருந்தது. நான் "யோகா மாஸ்டர்" என்று வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மூன்றாவது நாள்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். கூண்டில் தொங்கவிட்டிருந்த துணிக் கூட்டின் நூல் ஒன்று பின்விரலில் சுற்றி, சதைக்குள் புதைந்திருந்தது. விரல் கறுத்துவிட்டது. எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஆறு வருடம் இருந்தது, இடது காலில் மூன்று விரலோடு. அந்த வீடியோவில் பின்னால் கேட்கும் சிரிப்பு என்னுடையதுதான்.

வீடியோ போட்டவருக்கு: அந்தக் குஞ்சுக்கு இறகுக் குருத்து இப்போதுதான் விரிய ஆரம்பித்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் கொஞ்சம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அந்த வழுக்குத் தரையிலிருந்து எடுத்து, மரச்சீவல் போட்ட பெட்டியில் வையுங்கள். நீங்களாக எதையும் கட்ட வேண்டாம். இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து தேடலாம். திட்ட மாட்டேன்.