கண்ணில மினுக்கம் இருந்தா 3,000, இல்லாட்டி 440

வருசாவருசம் ஜூலை மாசம் பி.பி.சி தன்ர ஆண்டறிக்கையை விடும், அதோட ஆருக்கு எவ்வளவு சம்பளம் எண்ட லிஸ்டும் வரும், அடுத்த நாள் எல்லாப் பேப்பரும் அதைத்தான் முன்பக்கத்தில போட்டு அடிக்கும், நாங்கள் ரெண்டு நாள் கத்துவம், பேந்து ரிவி லைசன்ஸ் காசு மாசாமாசம் பாங்கில இருந்து தன்பாட்டுக்குக் கழிஞ்சுகொண்டிருக்கும். எனக்கு 2025 லிஸ்டைப் பாத்ததில இருந்து வயித்தெரிச்சல் அடங்கேல்ல. மேட்ச் ஒஃப் த டே எண்ட ஃபுட்போல் புரோகிராமைச் செய்த கேரி லினேக்கருக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ஸ். ரிவி பாக்கிற வீடுகள் பி.பி.சிக்காக வருசாவருசம் கட்டுற ரிவி லைசன்ஸ் 2025ல 174 பவுண்ஸ் 50 பென்ஸ். பிரிச்சுப் பாருங்கோ, கிட்டத்தட்ட 7,700 வீட்டுக் காசு. 7,700 குடும்பம் வருசம் முழுக்கக் கட்டின காசு ஒரு ஆளுக்கு. ஆள் அந்த மே மாசமே வெளிக்கிட்டிட்டார், ஆனா அந்தச் சம்பளத்தைக் குடுத்த மூளை அங்கயேதான் இருக்கு.

எனக்கு ஃபுட்போல் விருப்பம், அதை முதலே சொல்லிப்போடுறன். மனுசன் வடிவாக் கதைப்பார், அதிலயும் குறை இல்லை. ஆனா 2023 மார்ச்சில என்ன நடந்தது எண்டு ஆருக்காவது ஞாபகம் இருக்கோ? அகதிகள் சட்டத்தைப் பத்தி அவர் ட்விட்டரில எழுதினதுக்கு பி.பி.சி அவரை ஒதுங்கி நில்லும் எண்டு சொல்ல, மற்ற ஆக்களும் அவருக்காக நாங்களும் வரேல்ல எண்டு நிக்க (அந்த விசயத்தில நான் அவற்ற பக்கம்தான், அகதியா வந்து இறங்கினவன் வேற எந்தப் பக்கம் நிக்கிறது), மேட்ச் ஒஃப் த டே புரோகிராம் ஒருத்தரும் இல்லாமலே போச்சு. அறிவிப்பாளர் இல்லை, கொமென்ட்ரி இல்லை, பழைய பிளேயர்மாரின்ர அலம்பல் இல்லை, 20 நிமிசம் வெறும் மேட்ச் மட்டும். பாத்த சனம் எவ்வளவு தெரியுமோ? முந்தின கிழமையை விடக் கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் கூட! ஓம், கன பேர் விடுப்புப் பாக்க வந்தவைதான், ஒத்துக்கொள்ளுறன். எண்டாலும் ஆளே இல்லாம ஓடின புரோகிராமை கூடச் சனம் பாத்திருக்கு, அதுக்குப் பிறகும் அந்தக் கதிரைக்கு பத்து லட்சத்துக்கு மேல குடுக்காட்டிச் சரிவராது எண்டு சொல்ல ஒரு முகம் வேணுமே.

கேட்டா ஒரே பதில், சந்தை விலை. நாங்கள் குடுக்காட்டி ஐ.ரி.வி தூக்கிக்கொண்டு போயிடும், ஸ்கை தூக்கிக்கொண்டு போயிடும். சரி, அப்ப அந்தச் சந்தை எப்பிடி வேலை செய்யுது எண்டு பாப்பம்.

2017 ஜூலையிலதான் முதல் தரம் அந்த லிஸ்ட் வந்தது, அதுவும் இவையள் ஆசைப்பட்டுக் காட்டேல்ல, பி.பி.சி இயங்கிறதுக்கான அரச பட்டயம், அந்தப் புது சார்ட்டரில 1,50,000க்கு மேல எடுக்கிற ஆக்களின்ர பேரைப் போடத்தான் வேணும் எண்டு கவர்மெண்ட் இறுக்கினபடியாத்தான் காட்டினவை. கிறிஸ் எவன்ஸ் 22 லட்சம் பவுண்ஸுக்கு மேல, காலமை ரேடியோவில கதைக்கிறதும் அதுக்குள்ள. மேல இருந்த ஏழு பேரும் ஆம்பிளையள். பொம்பிளையளில கூடச் சம்பளம் எடுத்தது கிளவுடியா விங்கிள்மன், அதுவும் அஞ்சு லட்சத்துக்குள்ள. சந்தைக்கு மீசை பிடிக்கும் போல கிடக்கு.

பேந்து கேரி கிரேசி. சைனா எடிட்டர், சைனீஸ் பாஷை தெரிஞ்ச ஆள், 1,35,000 எடுத்தவ. அவவைப் போலவே மற்ற நாட்டில எடிட்டரா இருந்த ரெண்டு ஆம்பிளையளுக்கும் குறைஞ்சது பாதிமடங்கு கூட. 2018 ஜனவரியில அவ பதவியை எறிஞ்சிட்டு வெளிய வந்து எழுதினா, நாடே கொதிச்சுது, பி.பி.சி மன்னிப்புக் கேட்டு பழைய காசைக் குடுத்தது, மனுசி அதை அப்பிடியே பொம்பிளையளின்ர உரிமைக்கு வேலை செய்யிற ஃபோசெட் சொசைட்டிக்குக் குடுத்திட்டா. அதே ஜனவரியில நடந்த இன்னொரு விசயத்தை ஒருத்தரும் பெருசாக் கதைக்கிறேல்ல. ஜோன் ஹம்ஃப்ரிஸ், ஹியூ எட்வர்ட்ஸ், ஜெரமி வைன் எண்டு பெரிய தலையள் கொஞ்சப் பேர் சம்பளத்தைக் குறைக்க ஓம் எண்டவை. சம்பளம் குறைஞ்சுது எண்டு அந்தக் கிழமையே ஆரும் மற்ற சனலுக்குப் பாயேல்ல! அப்ப முதல் நாள் வரைக்கும் சொன்ன அந்தச் சந்தை விலை எங்கை போனது? ஆர் போட்ட விலை அது?

இதுக்கெல்லாம் மேல சமீரா அஹ்மத் கேஸ். அதை வாசிச்சா விசர் வரும், ஆனா வாசிக்கத்தான் வேணும். அவ செய்தது நியூஸ்வோட்ச் எண்ட 15 நிமிசப் புரோகிராம், செய்தி சரியில்லை எண்டு சனம் போடுற முறைப்பாட்டை வாசிச்சு பி.பி.சி ஆக்களிட்டக் கேள்வி கேக்கிறது. ஜெரமி வைன் செய்தது பொயின்ட்ஸ் ஒஃப் வியூ, அதுவும் 15 நிமிசம், அதிலயும் சனம் போடுற முறைப்பாட்டை வாசிக்கிறதுதான். அவருக்கு ஒருக்கா வந்து இருந்தா 3,000 பவுண்ஸ், அவவுக்கு 440. நியூஸ்வோட்சைப் பாக்கிற சனம்தான் கூட, அது வேற. ஏன் இந்த வித்தியாசம் எண்டு வேலை வழக்குகளை விசாரிக்கிற ட்ரிபியூனலில கேக்க, பி.பி.சி பக்கம் சொன்ன காரணங்களில ஒண்டு, அந்தப் புரோகிராமைச் செய்யிற ஆளுக்குக் கண்ணில ஒரு மினுக்கம் வேணுமாம், ஒரு குறும்பு வேணுமாம். கோர்ட்டில, சத்தியம் பண்ணி, லோயர் வைச்சுச் சொன்ன காரணம்! அந்த லோயருக்கும் எங்கட லைசன்ஸ் காசுதான். கண்ணில மினுக்கம் எண்டா என்ன, அதுக்கு என்ன திறமை வேணும் எண்டு தங்களுக்கு விளங்கேல்ல எண்டு ட்ரிபியூனலே எழுதி, 2020 ஜனவரியில அவவின்ர பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு. மூக்கில பவுடர் போட்டு ஒரே பி.பி.சிக்குள்ள அதே மாதிரி ஓட்டோகியூவைப் பாத்து வாசிக்கிற ரெண்டு பேர், ஒரு ஆளுக்கு மற்ற ஆளை விட ஏழு மடங்குக்குக் கிட்ட.

சரி, மேல அப்பிடி. கீழ எப்பிடி?

எங்கட ஆக்களுக்கு பி.பி.சி எண்டா தமிழோசைதான். 1941ல தொடங்கின தமிழ் ரேடியோச் சேவை. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரி தடை, இரவு 9.15க்கு முதல் சைக்கிளை டபுள் ஸ்டாண்டில ஏத்தி டைனமோ வயரை ரேடியோவுக்குக் குடுத்து ஒரு பெடியன் பெடல் மிதிக்க, சுத்திவர அயலட்டை எல்லாம் குந்தி இருக்கும். பெடியனுக்குக் கால் உளைஞ்சு கொஞ்சம் மெதுவா மிதிச்சா லண்டன் குரல் இழுபட்டுப்போகும், உடன மிதியடா மிதியடா எண்டு பெரிசுகள் கத்தும். தங்கட ஊரில என்ன நடந்தது எண்டதை லண்டனில இருந்து கேட்டு அறிஞ்ச சனம் நாங்கள். ஆனந்தி அக்காவின்ர குரல் தெரியாத வீடு இருந்ததோ? அதை 2017 ஏப்ரலோட சிற்றலையில நிப்பாட்டினவை. 2022 செப்டம்பரில உலக சேவையில 382 வேலையை வெட்டுறம் எண்டு அறிவிச்சு, ரேடியோவை மூடுற பாஷைகளின்ர லிஸ்ட் ஒண்டு போட்டவை, அரபு, பாரசீகம், இந்தி, வங்காளம், அதில தமிழும் கிடந்தது. மிச்சம் பிடிச்சது வருசத்துக்கு 2 கோடி 85 லட்சம் பவுண்ஸ். காலம் மாறீட்டுது, எல்லாரும் போனில வாசிக்கினம் எண்டு சொல்லுவினம், அது கொஞ்சம் உண்மையும்தான். ஆனா அந்த 382 பேருக்கு ஒருத்தரும் சந்தை விலை கதைக்கேல்ல. அவைக்கு, காசு இல்லை. அவ்வளவுதான். இங்கிலாந்துக்குள்ள ஊர் ஊரா இருந்த உள்ளூர் ரேடியோவுக்கும் அதே கதைதான், 2023ல ஸ்ட்ரைக் எல்லாம் பண்ணிப் பாத்தவை, பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து ஊரெல்லாம் ஒரே புரோகிராம்தான். ஹார்ட்டோக் எண்ட பேட்டிப் புரோகிராமும் 2025 மார்ச்சோட முடிஞ்சுது.

காசு வாங்கிற விதத்துக்கு வருவம். பி.பி.சி பாக்காட்டி லைசன்ஸ் தேவையில்லை எண்டு கன பேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். பிழை. எந்த சனலா இருந்தாலும் நேரடியாப் போறதைப் பாத்தா லைசன்ஸ் வேணும். அம்மம்மா இருந்து சன் ரிவி சீரியலை லைவ்வாப் பாக்கிறா எண்டா, அதுக்கும் பி.பி.சிக்குக் காசு. அவவுக்கு மேட்ச் ஒஃப் த டே எண்டா என்னெண்டே தெரியாது, ஆனா அந்தக் கதிரைக்கு அவவும் பங்கு குடுக்கிறா. கோடீஸ்வரனுக்கும் அதே காசு, கேர் ஹோமில இரவு வேலை செய்யிற பிள்ளைக்கும் அதே காசு. கட்டாட்டிக் கடுதாசி வரும், பேர்கூட இல்லாம, சட்டப்படி குடியிருக்கிறவருக்கு எண்டு, சிவப்பு எழுத்தில, விசாரணை தொடங்கியாச்சு எண்டு. பேந்து ஆள் வந்து கதவைத் தட்டும். 1,000 பவுண்ஸ் வரைக்கும் தண்டம் போடலாம், கிரிமினல் கேஸ் இது, பார்க்கிங் டிக்கெட் இல்லை. அப்பிடிப் பிடிபடுற ஆக்களில கிட்டத்தட்ட நாலில மூண்டு பங்கு பொம்பிளையள். ஏன்? பகலில வீட்டில இருந்து கதவைத் திறக்கிறது அவைதானே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தவ குற்றவாளி.

வயசுபோன ஆக்களையும் விடேல்ல. 75 தாண்டின ஆக்களுக்கு 2000ஆம் ஆண்டில இருந்து லைசன்ஸ் சும்மா கிடைச்சது. அந்தச் செலவை 2015ல கவர்மெண்ட் நைசா பி.பி.சியின்ர தலையில கட்டிச்சு (அந்தப் பழி கவர்மெண்டுக்குத்தான், அதை நான் மறைக்கேல்ல), பி.பி.சி 2020 ஆகஸ்டோட பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச வயசுபோன ஆக்களுக்கு கவர்மெண்ட் குடுக்கிற உதவிக்காசு) எடுக்கிற ஆக்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் நிப்பாட்டிச்சு. 30 லட்சத்துக்கு மேல வீடுகள். அதுவும் கொரோனா வருசம், கிழடுகள் எல்லாம் வீட்டுக்குள்ள அடைபட்டு ரிவியை மட்டும் பாத்துக்கொண்டிருந்த வருசம். பென்ஷன் கிரெடிட் எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு அப்ளை பண்ணலாம் எண்டே தெரியாத எங்கட வயசுபோன சனம் எவ்வளவு?

இப்ப ஹியூ எட்வர்ட்ஸ், பி.பி.சியில செய்தி வாசிச்ச பெரிய தலை. 2023 ஜூலையில சஸ்பெண்ட், நவம்பரில பொலிஸ் பிடிச்சது, சிறுபிள்ளையளின்ர அசிங்கப் படம் வைச்சிருந்த கேஸ், அது பி.பி.சியின்ர மேலிடத்துக்கும் அப்பவே தெரியும். 2024 ஏப்ரலில அவரா ராஜினாமாக் குடுக்கும் வரைக்கும் முழுச் சம்பளம். அந்த வருச லிஸ்டில அவருக்கு 4,75,000க்கு மேல, அதுக்கு முந்தின வருசத்தை விட 40,000 கூட! அவர் குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகுதான் 2024 ஆகஸ்டில, பிடிபட்ட பிறகு எடுத்த 2 லட்சத்தைத் திருப்பித் தாரும் எண்டு கேட்டவை. கேட்டவை. கவனிச்சீங்களோ? லைசன்ஸ் காசுக்குச் சிவப்புக் கடுதாசி, கதவில தட்டு, கோர்ட். ரெண்டு லட்சத்துக்குத் தயவா ஒரு வேண்டுகோள். நுங்கு குடிச்சவன் ஓடீட்டான், கோம்பை சூப்பினவன் ஆப்பிட்டான்.

உடன ஒரு புத்திசாலி வருவார், தம்பி லினேக்கரின்ர சம்பளத்தை எல்லா வீட்டுக்கும் பிரிச்சா ஒரு வீட்டுக்கு 6 பென்ஸ்கூட வராது எண்டு. கணக்குச் சரி. அப்ப அதே கணக்கை மற்றப் பக்கமும் போடுங்கோவன். உலக சேவையில வெட்டின அவ்வளவையும் வெட்டாம விட்டிருந்தா வீட்டுக்கு ஒரு பவுணும் கொஞ்சச் சில்லறையும்தான் வரும். அங்கை மட்டும் ஏன் காசு இல்லை? ஆறு பென்ஸ் எண்டு மேல வாரிக் குடுக்கிற கைக்கு கீழ வரேக்க மட்டும் பக்கவாதம்.

இன்னொண்டு, நாங்கள் கத்துற இந்த லிஸ்டே முழு லிஸ்ட் இல்லை. பி.பி.சி ஸ்டூடியோஸ் எண்ட தங்கட வியாபாரக் கொம்பனி செய்யிற புரோகிராமுக்கு எடுக்கிற காசு இதில வராது, வெளிக் கொம்பனி செய்து குடுக்கிறதும் வராது. ஸ்ட்ரிக்ட்லி எண்ட டான்ஸ் புரோகிராமில நிக்கிற ஆக்களுக்கு எவ்வளவு? தெரியாது. கிரஹம் நோர்ட்டனின்ர சோபா ஷோவுக்கு எவ்வளவு? தெரியாது. பேர் போடுற எல்லையையும் 1,50,000ல இருந்து 1,78,000க்கு உயத்திப்போட்டினம். லிஸ்டில ஆக்கள் குறைஞ்சிட்டினம் எண்டு பெருமைப்பட வேண்டியதுதான்.

2027 டிசம்பரோட இப்ப இருக்கிற சார்ட்டர் முடியுது, அடுத்தது எப்பிடி இருக்கோணும் எண்ட கதை இப்பவே நடக்குது. லைசன்ஸை அடியோட தூக்கு எண்டு கத்துறவங்களோட நான் இல்லை, அவங்களுக்கு வேற கணக்கு இருக்கு, பி.பி.சி இல்லாட்டி என்ன மாதிரிச் செய்தி வரும் எண்டும் எங்களுக்குத் தெரியும். நான் எங்கட ஏரியா எம்.பிக்கு எழுதப்போறது இவ்வளவுதான்: ஸ்டூடியோஸ் கணக்கையும் சேத்து முழு லிஸ்டையும் போடச் சொல்லுங்கோ, சம்பளத்துக்கு ஏத்த மாதிரி லைசன்ஸ் காசைக் கூட்டிக் குறையுங்கோ, லைசன்ஸ் கட்டாததைக் கிரிமினல் கேஸில இருந்து எடுங்கோ. நீங்களும் உங்கட எம்.பிக்கு எழுதுங்கோ, பத்து நிமிச வேலை. வாட்ஸ்அப்பில எனக்குக் கும்பிடு போட்டு ஒண்டும் ஆகாது.