அந்தக் குஞ்சுகள் ஏன் குதிக்கின்றன
பாறை உச்சியிலிருந்து குஞ்சுகளைக் குதிக்கவிடும் பார்னக்கிள் வாத்துகளை ‘கல்நெஞ்சப் பெற்றோர்’ என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது வருத்தமாக இருக்கிறது. கிரீன்லாந்தில் துருவ நரிக்குப் பயந்துதான் அவை செங்குத்துப் பாறையில் கூடு கட்டுகின்றன. மேய்ச்சல் புல்லோ கீழே. இந்த வாத்துகளில் தாய் இரை கொண்டுவந்து ஊட்டுகிற வழக்கமே கிடையாது, குஞ்சு தானாகத்தான் மேய வேண்டும். அதனால் பொரித்த ஓரிரு நாளிலேயே இறங்கியாக வேண்டும். எடை குறைவு, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி தூவி. அதனால் பல பிழைக்கின்றன. சில சாகவும் செய்கின்றன, உண்மைதான். ஆனால் தாய் முதலில் கீழே பறந்துபோய் நின்று கூப்பிடுகிறது. அந்தக் குரலை நம்பித்தான் அத்தனையும் குதிக்கின்றன. அப்புறம், முதல் குளிர்காலத்திலும் குடும்பம் பெரும்பாலும் சேர்ந்தேதான் இருக்கிறது.

நான் டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். குளிர்காலத்தில் இங்கே ஓக்லா பறவைகள் சரணாலயம் பக்கம் போனால், இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைத் தேடிப் பாருங்கள். அவையும் பார்னக்கிள் வாத்துகளுக்கு உறவுதான்.