காரம் ஆசிட்டை விடச் சாதுவானது அல்ல

மேலே ஒருவர், "ஆசிட்டுக்குத்தான் பயப்பட வேண்டும், குழாய் அடைப்பு நீக்கும் பவுடர் வெறும் காரம், சோப்பு மாதிரி. கையில் பட்டால் வினிகர் ஊற்றினால் போதும்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. யாரும் இதை நம்பிச் செய்துவிடக் கூடாது.

அந்தப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. ஈர விரலில் பட்டதும் வழவழவென்று இருக்கும். சோப்பு மாதிரி என்று தோன்றுவது அதனால்தான். ஆனால் அங்கே சோப்பாக மாறிக்கொண்டிருப்பது நம் தோலில் உள்ள கொழுப்பு! ஆசிட் பட்ட இடத்தில் புரதம் உறைந்து பொருக்குக் கட்டும். அது ஆசிட் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவாவது தடுக்கும். காரம் அப்படி நிற்காது, திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகும். தொடக்கத்தில் வலி அவ்வளவாகத் தெரியாமலும் இருக்கலாம், அதுதான் ஏமாற்றிவிடும். கண்ணில் பட்டால் இன்னும் மோசம், சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டிவிடும்.

சரி, வினிகர்? அமிலமும் காரமும் சேர்ந்தால் வெப்பம் வரும், அதுவும் புண்ணின் மேலேயே. பாட்டிலைத் தேடும் நேரமும் வீண். பவுடரை முதலில் தட்டிவிடுங்கள், பட்ட துணியைக் கழற்றுங்கள், ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் மருத்துவரிடம் போங்கள். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும்போது உணவுக்குழாயை இன்னொரு முறை அரிக்கும்.

தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்திவிடுங்கள்.