வரி நோட்டில் அடித்த பெயர்

நேற்று நான் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வரியாக நான் அனுப்பிய 1,500 ரூபாய் அரை மணி நேரத்தில் ஜிபேயில் திரும்பி வந்துவிட்டது. "கட்டிக்குடுத்த பொண்ணுகிட்ட வரி வாங்குற வழக்கம் இல்லம்மா. வேணும்னா நன்கொடையா குடு" என்று ஊரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

நன்கொடை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வழியில் போகிறவர்கூட உண்டியலில் போடலாம். வரி அப்படியா? வரி கேட்டு வாசலுக்கு வந்தால்தான் அது நம் ஊர். நோட்டோடு வருகிறவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, தன் பெயருக்கு நேரே டிக் அடிக்கிறார்களா என்று அப்பா எட்டிப் பார்ப்பார். கையில் காசில்லாத ஒரு வருஷம் அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அவர் போனதும் அந்தப் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். மகன் இல்லையாம். நான் இருக்கிறேனே?

"திருப்பூர்ல இருக்கவளுக்கு இங்க என்ன" என்று கமெண்டில் ஒருவர். சரி, 19 வருஷமாகப் பிழைப்பு அங்கேதான். ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று திருப்பூரில் உட்கார்ந்து நாள் எண்ணுகிறேன். அங்கே பிரிகிற எங்கள் கோரையாற்றில் முதல் தண்ணீர் செத்தையும் நுரையுமாக, காய்ந்த மணல் குடித்தது போக மிச்சந்தான், ஆள் நடக்கிற வேகத்தில் வரும். சின்ன வயதில் அதைப் பார்த்தபடியே அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்திருக்கிறேன். திருப்பூரில் ஓடும் நொய்யலும் காவிரியில்தான் போய்ச் சேர்கிறது. ஆனாலும் அதை என் ஆறு என்று ஒருநாளும் சொல்ல வந்ததில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனிடம் வரி வாங்குகிறார்கள். அவன் ஊருக்கு வந்து எட்டு வருஷம். அவன் உள்ளூர், நான் வெளியூரா?

சொத்துக்கு அடிபோடுகிறேன் என்பீர்கள். வீடு என் பெயரில்தான் இருக்கிறது. ஊராட்சியில் வீட்டு வரியை என்னிடம்தான் வாங்குகிறார்கள். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. வழக்கம் என்பீர்கள். ஜிபேயில் வரி வாங்குவது எந்தக் காலத்து வழக்கம்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மூன்றாம் நாள் மெழுகுவத்தியும் பால் பவுடருமாக வந்து இறங்கினேன். எங்கள் கொல்லையில் 11 தென்னையில் ஒன்றுதான் நின்றது. மாரியம்மன் கோயில் வாசலில் பொதுவில் பொங்கிய சோற்றுக்கு உங்களோடு வரிசையில் நின்றேன். அன்றைக்கு யாரும் என்னை வெளியூர்க்காரி என்று சொல்லவில்லை. அப்புறம் எப்போது ஆனேன்?

சித்தப்பா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். காப்புக் கட்டுக்கு முதல்நாள் நேரில் வருகிறேன். பணத்தைக் கையில் தருகிறேன். அப்பா பெயரைத் திரும்ப எழுத வேண்டாம், என் பெயரை எழுதுங்கள்.