துடைப்பக் கணக்கில் போன தெருக்கூத்து

எங்கள் கல்லூரியில் இந்த வருடம் முத்தமிழ் விழா ஒரே நாளில் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் இரவு ஆடவேண்டிய தெருக்கூத்து இல்லை. காஞ்சிபுரம் பக்கத்து ஜமா (கூத்துக் குழு), ஆறு வருடமாக வந்துகொண்டிருந்தவர்கள். மாணவர்கள் கேட்டதற்கு ‘ஃபண்ட் இல்லை’ என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஃபண்ட் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்: பெருக்குகிறவர்கள் கூலி மேல் கட்டும் வரிக்கும் பிஎஃப் வகையறாவுக்கும். செக் எழுதுகிறவனே நான்தான். சென்னையில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பதினெட்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் எல்லாச் சம்பளமும் அரசு கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். பெருக்குகிறவர்கள், வாட்ச்மேன், செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு ஆசிரியர்கள் எல்லாரும் நிர்வாகத்தின் தலையில்.

ஒரு துப்புரவுப் பணியாளருக்கு மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வையுங்கள். அதற்கு மேல் நிர்வாகப் பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), அதன் நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம்: 1,560. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு 3.25 சதவீதம்: 390. ஆக 13,950. ஆள் அனுப்பும் ஏஜென்சி இந்த மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுகிறது, அதாவது பிஎஃப் பணத்துக்கும் சேர்த்து வரி. 2,511. கூட்டினால் 16,461. ஏஜென்சி கமிஷன் தனி. அந்த அம்மா கையில் வாங்குவது, அவர் பங்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போக, 10,470.

இதே ஜிஎஸ்டியை ஒரு கம்பெனி கட்டினால், தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். கல்விக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் எங்களுக்குக் கழிக்க வழியில்லை. இன்னொரு வேடிக்கை, பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியைப் பெருக்கினால் இந்த வரி கிடையாது. கல்லூரியைப் பெருக்கினால் உண்டு. தூசியில் என்ன வித்தியாசமோ!

பிஎஃப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாடியைப் பெருக்கும் அக்கா அதில் அட்வான்ஸ் எடுத்துத்தான் மகளை நர்சிங் சேர்த்தார். அது அவர் பணம். என் ஆத்திரம் வேறு. கூலி மேல் போடும் சுமையை ஏற்றும்போது, விலையைக் கூட்ட முடியாத இடங்கள் அதை எங்கிருந்து கட்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிஸ்கட் கம்பெனி பாக்கெட்டில் ஒரு பிஸ்கட்டைக் குறைக்கும். நாங்கள் எதைக் குறைப்பது?

2014 செப்டம்பரில் பிஎஃப் கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 6,500இலிருந்து 15,000 ஆனது. வரம்பு வரை மட்டும் கட்டிவந்த எங்களுக்குத் தலைக்கு 780 ரூபாய் 1,800 ஆனது. மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது, பரீட்சைச் செலவைக் குறைக்க முடியாது. அந்த வருடம் நூலகத்தில் சிற்றிதழ் அடுக்கு காலியானது. பன்னிரண்டு இதழ்களுக்குச் சந்தா புதுப்பிக்கவில்லை. அதற்கான குறிப்பை எழுதியதும் நான்தான். குறைந்ததும் ஒருமுறை உண்டு. 2019 ஜூலையில் இஎஸ்ஐ 4.75இலிருந்து 3.25 ஆனது. அந்த மிச்சமாவது நூலகத்துக்குப் போனதா என்றால், சென்னையில் தண்ணீர் இல்லாத வருடம் அது. லாரிக்காரருக்குப் போனது.

சரி, நம் ஊர்தான் இப்படி என்று நினைத்தால் இங்கிலாந்திலும் இதே கதை. என் கூடப்பிறந்த அக்காவின் மகள் அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலையில் இருக்கிறாள். 2025 ஏப்ரலில் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டை 13.8இலிருந்து 15 சதவீதமாக ஏற்றினார்கள். அதைவிடப் பெரிய அடி, ஆண்டுச் சம்பளத்தில் எந்தத் தொகைக்கு மேல் கட்டவேண்டும் என்ற வரம்பை 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறக்கியது. வருடம் 10,000 பவுண்டு வாங்கும் பகுதிநேர ஆளுக்கு நிர்வாகம் கட்டியது சுமார் 124 பவுண்டு, இப்போது 750. பள்ளிகளுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. பல வருடம் 9,250 பவுண்டில் நின்றிருந்த மாணவர் கட்டணத்தை அதே வருடம் 9,535 ஆக்கிக்கொள்ள மட்டும் அனுமதித்தார்கள். ‘ஏற்றியது தெரியுது மாமா, வந்தது தெரியல’ என்கிறாள்.

இத்தனைக்கும் வரியை நேராகப் புத்தகத்துக்கு அனுப்பக் கற்றுக்கொடுத்த ஊர் இது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தால், இன்றும் நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. அந்தப் பத்துக் காசை ஒரு பக்கம் வாங்கி, இன்னொரு பக்கம் கல்லூரி துடைப்பத்தில் 18 சதவீதம் எடுப்பது என்ன கணக்கு? கூலி மேல் சுமை ஏற்றும் அரசாணை வருகிற அன்றே, மானியத்தை எவ்வளவு கூட்டுவது என்று இன்னொரு தாளும் வரவேண்டும். கல்லூரிக்கும் பள்ளிக்கும் ஒரே துடைப்பம், ஒரே விதி. இது பெரிய கோரிக்கை இல்லை.

நேற்று கூத்து வாத்தியார் போன் செய்தார். பங்குனியில் கோயில் கூத்து ஆரம்பித்துவிட்டால் தேதி கிடைக்காதாம். சம்பளம் வேண்டாம், வேன் வாடகையும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்கிறார். பதினைந்து பேர் விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு! பார்த்துச் சொல்கிறேன் அண்ணே என்று வைத்துவிட்டேன். 15ஆம் தேதி பிஎஃப் சலான் கட்டவேண்டும்.