சந்தேகத்தை வரைவதே குற்றமா?

அண்ணாச்சி, 'கடவுளைச் சந்தேகித்துப் படம் வரைந்தாலே 295ஏ-யில் சிறை' என்ற பதிவை நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் பலர் பகிர்கிறார்கள். அது சரியல்ல. ஓவியம் பழகும் நம் பிள்ளைகள் இதை நம்பித் தூரிகையைக் கீழே வைத்துவிடக் கூடாது.

295ஏ என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 299. ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு அவமதித்தால்தான் அது பொருந்தும். அறியாமலோ கவனக்குறைவாலோ அந்த நோக்கமின்றிச் செய்தது இதில் வராது என்று 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. புகார் யாரும் கொடுக்கலாம், அது வேறு விஷயம்.

'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் 299-ஐத் திறந்து பாருங்கள். அப்புறம் அந்தத் தீர்ப்பையும் வழக்கின் பெயரிட்டுத் தேடி வாசியுங்கள்.